வாட்ஸைப் பார்த்து டிரில் வாங்காதீர்கள்

டிரில் மெஷின் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். அடுத்தது விலை. பழுதாகி வரும் மெஷின்களைத் திறந்து பார்ப்பது என் தொழில். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான 'காயில்' கருகி என் மேசைக்கு வருபவற்றில் 500 வாட்ஸும் உண்டு, 1000 வாட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டவையும் உண்டு. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை.

பெட்டியில் போட்டிருப்பது மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அதில் ஒரு பங்குதான் துளை போடும் கம்பியான பிட்டின் முனைக்குப் போய்ச் சேரும்; மீதி சூடாகிவிடும். அந்தச் சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உள்ளே சுற்றிய கம்பியின் கனம், அதன் மேல் பூசிய வார்னிஷ், காற்றை இழுக்கும் விசிறி ஆகியவற்றைப் பொறுத்தது. மலிவு மெஷின்கள் சிலவற்றில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பியே இருக்கும். அதனால் ஒரே வாட்ஸ் போட்ட இரண்டு மெஷின்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் பொம்மை போல லேசாக இருந்தால் சந்தேகப்படலாம்.

ஆனால் நல்ல மெஷினும் எரியும். தவறான சுவருக்குத் தவறான மெஷினை எடுப்பதுதான் நான் பார்க்கும் பெரிய காரணம். நம் வீடுகளில் சுவர் பெரும்பாலும் செங்கல்லாகவோ ஹாலோ பிளாக்காகவோ இருக்கும். சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும் சாதாரண இம்பாக்ட் டிரில் அதை எளிதாகத் துளைக்கும். படம் மாட்டினோம், அலமாரி மாட்டினோம், மெஷின் அருமை என்று நினைப்போம். பிறகு ஜன்னலுக்கு மேல் திரைச்சீலைக் கம்பி மாட்டப் போவோம். அங்கே இருப்பது லிண்டல், கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். பால்கனிக் கூரையில் துணி உலர்த்தும் கம்பி மாட்டினாலும் அதே கதை. துளை அரை அங்குலத்தோடு நின்றுவிடும். ஆள் உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்துவார். மோட்டாரின் வேகம் குறையும், விசிறியின் காற்றும் குறையும், இழுக்கும் மின்சாரம் கூடும். கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை வரும். அதற்குப் பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

இம்பாக்ட் டிரிலின் உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தட்டுகள் என்றாலும் ஒவ்வொன்றும் மெல்லிய தட்டு. அதற்கான பலமும் உங்கள் கையிலிருந்தே வரவேண்டும். ரோட்டரி ஹாமர் வேறு வகை. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று இரும்புக் குண்டு ஒன்றை முன்னே தள்ளி அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் இரண்டு கிலோ எடை வகை மெஷினில் ஒவ்வொரு அடியின் ஆற்றலும் 2 முதல் 3 ஜூல் வரை இருக்கும்; அது பலமான அடி. கையால் பலமாக அழுத்தத் தேவையே இல்லை. பிட் கம்பியில் சிக்கினால் நழுவிக்கொள்ளும் கிளட்ச் இதில் இருப்பதால் மணிக்கட்டும் தப்பும். இதற்கு எஸ்.டி.எஸ். பிளஸ் என்ற காடி வெட்டிய பிட் வேண்டும். வழக்கமான உருண்டைக் காம்பு பிட் நேரடியாகப் பொருந்தாது.

வீட்டுக்கு எது? செங்கல் சுவருக்கு 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள, நல்ல கம்பெனியின் 500, 600 வாட்ஸ் இம்பாக்ட் டிரில் போதும். கான்கிரீட் வேலை ஒரே ஒரு நாள் என்றால் ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏ.சி. மாட்டுபவர்கள் யோசிக்காமல் ரோட்டரி ஹாமர் வாங்கலாம்.

இப்போது இணையத்தில் 48 வோல்ட், 88 வோல்ட், 128 வோல்ட் என்று எழுதி விற்கும் பேட்டரி டிரில்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் வெறும் 'வி' இருக்காது, 'விஎஃப்' என்று இருக்கும். அது எந்த அளவும் இல்லை. நான் திறந்த இந்த வகை பேட்டரிகளில் இருந்தவை ஐந்து லித்தியம் செல்கள். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் 4.2 வீதம் 21. அவ்வளவுதான். நல்ல கம்பெனிகள் '20 வோல்ட் மேக்ஸ்' என்று போடுவதும் இதே ஐந்து செல்தான். ஆனால் அது முழுச் சார்ஜ் அளவை ஒட்டிய எண், கற்பனை இல்லை. வோல்ட்டைக் கூட்டி எழுதத் துணிந்தவர் செல்லின் தரத்தில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை துளை போடும் வீட்டுக்கு, என்னைக் கேட்டால், ஒயர் உள்ள மெஷினே நல்லது. சும்மா கிடந்தே பேட்டரி செத்துப்போகும். ஒயர் மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை.

கடையில் செய்யவேண்டியது, பிளக்கில் மாட்டி ஓட்டச் சொல்வது. தயங்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். சுவிட்சை மெல்ல அழுத்தும்போது சக் மெதுவாகச் சுழலத் தொடங்கி, அழுத்த அழுத்த வேகம் கூடவேண்டும். ஒரு நீளமான பிட்டை மாட்டி ஓட்டினால் முனை வட்டம் போடக்கூடாது. போட்டால் சக்கோ, அதைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலோ கோணல். நிறுத்திவிட்டு சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அதிக ஆட்டம் இருந்தால் உள்ளே பால் பேரிங்குக்குப் பதில் குண்டுகள் இல்லாத வெறும் உலோக வளையமான புஷ் இருக்கக்கூடும். காற்றுத் துளை வழியே பார்த்தால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் துண்டான கார்பன் இருக்கும் இடத்தில் சின்னப் பொறிகள் தெரியும், அது இயல்பு. பொறி வளையமாகச் சுற்றினால் அந்த மெஷின் வேண்டாம்.

இரண்டு பின் பிளக்கைப் பார்த்து "எர்த் இல்லையே" என்று சிலர் பயப்படுவார்கள். பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை மின்காப்பு உள்ள மெஷின், எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத, இரும்பு உடம்புள்ள மெஷினில் இரண்டு பின் இருந்தால்தான் ஆபத்து.

எந்த மெஷினிலும் கார்பன் தேயும், ஒயர் கழுத்தில் விட்டுப்போகும், சுவிட்சுக்குள் சிமெண்டுத் தூசி புகும். இவை சில்லறைப் பழுதுகள். ஆனால் உதிரி கிடைக்காவிட்டால் அந்தச் சில்லறைப் பழுதுக்கே மெஷின் காயலான் கடைக்குப் போகிறது. ஒரே அச்சில் வார்த்துப் பல பெயர்களில் வரும் மெஷின்களில் இதுதான் தொல்லை: பெயர் அடுத்த ஆண்டு இருக்காது, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரும் கிடைக்காது. வாங்குமுன் உங்கள் ஊர்ப் பழுதுக் கடையில் "இந்த மாடலுக்கு ஆர்மேச்சர், கார்பன், சுவிட்ச் வருகிறதா?" என்று கேளுங்கள். உத்தரவாத அட்டையையும் படித்துப் பாருங்கள். கார்பனும் அதிகச் சுமையால் எரிந்த காயிலும் பெரும்பாலும் அதில் சேராது.

மெஷினுக்கு நாலாயிரம் கொடுத்தவர் பிட்டுக்கு நாற்பது ரூபாய் கொடுக்க யோசிப்பதைப் பார்க்கிறேன். மழுங்கிய பிட் மோட்டாரைத்தான் தின்னும். சுவருக்குக் கடினமான கார்பைடு முனை வைத்த பிட், இரும்புக்கு ஹெச்.எஸ்.எஸ். என்ற எஃகு பிட். இரும்பையும் மரத்தையும் துளைக்கும்போது மெஷினில் உள்ள குமிழைத் தட்டும் வேலைக்கான சுத்தியல் குறியிலிருந்து மாற்றிவிடவேண்டும். டைல்ஸைத் தாண்டும்வரையும் அப்படித்தான், இல்லையென்றால் விரிசல் விடும். சூடான கார்பைடு பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், முனையில் விரிசல் விழலாம். ஆழமான துளையில் அவ்வப்போது பிட்டை வெளியே இழுத்துத் தூசியைத் தள்ளி, மெஷினைச் சற்று நேரம் சுமையின்றி ஓடவிட்டால் விசிறியே அதைக் குளிரவைத்துவிடும்.