ஐசியூவில் ஒரு 'நெகட்டிவ்' ரிப்போர்ட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் டாக்டராக இருக்கிறேன். சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு மகன் ஐசியூ வாசலில் போனை நீட்டினார். அம்மாவின் ரிப்போர்ட். "கேண்டிடா ஆன்டிபாடி நெகட்டிவ்னு போட்டிருக்கே அக்கா, அப்புறம் எதுக்குப் பூஞ்சை மருந்து ஏத்துறாங்க?"

நியாயமான கேள்வி. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், குடலில் ஆபரேஷன், கழுத்து ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் லைன், பத்து நாளாக ஆன்டிபயாடிக். ரத்தத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை இறங்கிவிடுமோ என்று நாங்கள் பயப்படுவது இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

ஆன்டிபாடி என்பது பூஞ்சை அல்ல, பூஞ்சையைக் கண்டு உடம்பு கொடுக்கும் பதில். அது ரத்தத்தில் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அம்மாவிடம் ரத்தம் எடுத்ததோ காய்ச்சல் வந்த இரண்டாம் நாள். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் அந்தப் பதில் வராமலே போகலாம். பாசிட்டிவ் வந்தாலும் சிக்கல் தீராது. கேண்டிடா நம் வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே குடியிருப்பது. நோயே இல்லாதவரிடமும் ஆன்டிபாடி இருக்கும். இதை மட்டும் வைத்து மருந்தைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்பேன். பூஞ்சையின் சுவரிலுள்ள மன்னான் என்ற பொருளைத் தேடும் ஆன்டிஜென் சோதனையோடு சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பயன் உண்டு. அதே சுவரிலுள்ள பீட்டா குளூக்கான் என்ற பொருளைத் தேடும் சோதனையும் இருக்கிறது, ஆனால் ஆல்புமின் ஏற்றியிருந்தால் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம்.

சரி, ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர்? அதில் பிடிபடுவது ஏறக்குறைய பாதிப் பேர்தான், அதற்கும் சில நாள் ஆகும். டாக்டர்கள் காத்திருக்காததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம் நாள் காலை கல்ச்சர் மெஷின் சத்தம் போட்டது. பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தேன். கருநீல முட்டை வடிவங்கள், சிலவற்றின் ஓரத்தில் குட்டி மொட்டு. கேண்டிடா போன்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைதான். உடனே ஐசியூவுக்குப் போன் செய்தேன், அன்றே லைனைக் கழற்றிவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பதாக 2014-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற வகையாக இருக்குமோ என்றுதான் முதலில் பயந்தேன். புளூகோனசோல் என்ற வழக்கமான பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காது, கட்டில் கம்பியில்கூடத் தங்கும். வந்தது கேண்டிடா பாராப்சிலோசிஸ் என்ற இன்னொரு வகை. அது கைகள் வழியாகப் பரவும், லைனில் ஒட்டிக்கொள்ளும். விபூதி பூச வரும் சொந்தங்களிடம் முதலில் கையைக் கழுவச் சொல்வது இதற்காகத்தான்.

காய்ச்சல் இறங்கியதும் மகன் மறுபடி வந்தார், மருந்தை நிறுத்தலாமா என்று கேட்க. கல்ச்சர் சுத்தமாக வந்த நாளிலிருந்து 14 நாள் என்றேன். போனில் காலண்டரைத் திறந்து, விரல் வைத்து எண்ணினார்.