வாழைத் தண்டில் குத்திப் பார்த்த கத்தி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வலக்கையைப் பழைய சாரத் துண்டொன்றால் சுற்றிக்கொண்டு ஒரு பொடியன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்தான். (ஆள் அடையாளம் தெரியக் கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "சின்ன வெட்டுத்தான் டொக்டர். ரெண்டு இழை போட்டு விட்டீங்கண்டா போயிருவன். நாளைக்கு வேலை இருக்கு."

துணியைப் பிரித்தேன். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும், உள்ளங்கைப் பக்கமாக, அடிக்கணுவுக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு வெட்டு. பிளேட்டால் கீறியதுபோல் சுத்தமான விளிம்பு. இரத்தம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பார்ப்பவர்களுக்கு அவன் சொன்னது சரிதான், இரண்டு இழைக்கு மேல் தேவையில்லை.

"விரல்களை மடக்குங்க தம்பி."

மோதிர விரலும் சின்ன விரலும் மடங்கின. மற்ற இரண்டும் நீட்டியபடியே நின்றன. "மடக்கிறன் டொக்டர்" என்றான். மடக்குகிறேன் என்றுதான் அவன் மூளை நம்பியது. விரல்களைக் குனிந்து பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது.

ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு முன்கைத் தசையிலிருந்து இரண்டு நாண்கள் வருகின்றன. பெருவிரலுக்கு மட்டும் ஒன்று. இவை அறுந்தால் வெட்டிய இறப்பர் பட்டிபோல் உள்ளங்கைப் பக்கம் சுருங்கி ஓடிவிடும். மேலே தோலுக்கு எத்தனை இழை போட்டாலும் விரல் மடங்காது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நுனிகளைத் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும். கூடவே விரலின் இரு ஓரமும் ஓடும் உணர்ச்சி நரம்புகளும் அறுந்திருக்கக் கூடும். அவனுக்கு நடுவிரல் நுனியில் ஊசியால் தொட்டதே தெரியவில்லை.

கட்டிலில் ஏறும்போது அவன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் இருந்து ஏதோ கம்பியில் தட்டி 'டங்' என்றது. எடுத்துத் தாருங்கள் என்றேன். கறுப்பு நிறத்தில், பக்கத்தில் கிளிப் வைத்த மடக்குக் கத்தி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வில்லுக்கத்தி என்பார்களே, அதன் புது வடிவம். மூன்று அங்குல அலகு. இணையத்தில் வாங்கியதாம். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறவன். "ஒரு காவலுக்கு" என்றான்.

யார் வெட்டியது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. தொலைபேசியில் காணொளி பார்த்து, பொக்கற்றில் இருந்து சட்டென்று எடுத்து விரித்துக் குத்தப் பழகியிருக்கிறான். எதிராளியாக நின்றது வீட்டுக்குப் பின்னால் ஒரு வாழை. முதல் இரண்டு குத்தும் இறங்கின. மூன்றாவதில் அலகு மடிந்து அவன் விரல்களின் மேலேயே மூடிக்கொண்டது.

கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இந்த வகைக் கத்திகளில் பிடிக்குள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அலகு முழுதாக விரிந்ததும் அந்தத் தகடு உள்ளே தாவி அலகின் அடியைத் தாங்கிக்கொள்ளும். பூட்டு என்பது அவ்வளவுதான். அந்த இடுக்கில் கடற்கரை மணலும் சாரத்து நூலும் அடைந்திருந்தன. தகடு நகம் அளவுகூட உள்ளே போகவில்லை. விரிந்த கத்தி விரிந்த மாதிரி நின்றது, அழுத்தம் வந்ததும் கைவிட்டது. கல்லடியில் இருந்து பொத்துவில் வரை மணலும் உப்புக் காற்றுமாக வாழ்கிற நமக்கு இது அபூர்வமான பழுது அல்ல. பூட்டே இல்லாத பேனாக் கத்தி இன்னும் மோசம். அது சீவுவதற்குச் செய்தது, குத்தினால் மடியும்.

இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். "தற்காப்புக்குக் கத்தியை எப்படி வைத்துக்கொள்வது" என்று என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். சொந்தக்காரர்கள்கூட. என் மச்சாள் ஒருத்தி, கொழும்பில் வேலைக்குப் போகிற மகளின் கைப்பையில் எந்தக் கத்தியை வைக்கலாம் என்று கேட்டாள். எங்கே வைத்தாலும் என்ன நடக்கும் என்பதை நான் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அதை மட்டும் சொல்கிறேன்.

முன் பொக்கற்றில் கிளிப் போட்டு வைக்கிறவர்கள் அதிகம். அலகின் நுனி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டினால் எடுப்பது விரைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே கத்தி கொஞ்சம் விரிந்துவிட்டால், பொக்கற்றுக்குள் போகிற கை முதலில் சந்திப்பது கூர்ப்பக்கத்தை. நுனி கீழ்நோக்கி மாட்டினால் விரிந்த கூர் துணியைக் கிழித்துக்கொண்டு தொடைக்கு வரும். இடுப்புப் பட்டிக்குள் செருகுவதும் சாரத்து மடியில் முடிந்து வைப்பதும் நம் ஊர்ப் பழக்கம். கவட்டு மடிப்புக்கு நேர் கீழே, தோலுக்கு மிக அருகில், தொடை நாடி ஓடுகிறது. நாடி துடிப்பதை விரல் வைத்தே உணரலாம். அது முழுதாகத் திறந்தால் ஒரு மனிதனுக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள். மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுவது இங்கே கிழமைக்குக் கிழமை நடக்கிறது. நெல்லுக் காயப்போட்ட தெருவில், குறுக்கே பாய்ந்த மாட்டுக்காக, மழைச் சகதியில். அப்படி விழும்போது இடுப்பில் கத்தி இருப்பது நல்லதா என்பதை நீங்களே யோசியுங்கள்.

கைப்பைக்குள்? திறப்பு, சில்லறை, தொலைபேசி, குடை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். பயத்தில் இதயம் அடிக்கும்போது விரல்களின் நுண்வேலை கெட்டுப்போகும். கை நடுங்கும், வியர்க்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாத அந்த விரல்தான் சின்னக் குமிழைத் தள்ளி அலகை விரிக்க வேண்டும். கைகலப்பு தொடங்கும் தூரம் ஒரு முழம்.

எடுத்துவிட்டான் என்றே வைப்போம். சமையலறைக் கத்திக்கும் மடக்குக் கத்திக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. கை முன்னே வழுக்காமல் தடுக்கும் குறுக்குக் காப்பு பெரும்பாலும் இருக்காது. குத்து எலும்பில் பட்டு நின்றால், வியர்வையும் இரத்தமும் பட்ட கை பிடியிலிருந்து அலகின் மேல் வழுக்கிப் போகும். ஒரு கோயில் திருவிழா முடிந்த இரவு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு விலாவில் குத்து. மற்றவருக்கு விரல்களின் உட்பக்கம் குறுக்கு வெட்டு. கை வெட்டுப்பட்டவர், தான் தடுக்கும்போது பட்ட காயம் என்றார். தடுத்தவன் கையிலும் உள்ளங்கையில் வெட்டு வரும், குத்தியவன் கையிலும் வரும். பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று எழுத வேண்டியவர் சட்ட வைத்திய அதிகாரி. உங்கள் வாய் சொல்வதை மட்டும் வைத்து அவர் எழுதமாட்டார். திசை, ஆழம், மற்றக் கை, முன்கை எல்லாவற்றையும் பார்ப்பார்.

விலாவில் குத்துப்பட்டவரின் வெளிக்காயம் ஒன்றரைச் சென்டிமீற்றர். நெஞ்சுக்குள் இரத்தம் கட்டிக் குழாய் போட வேண்டி வந்தது. "பயம் காட்டத்தான் எடுத்தன், குத்த நினைக்கேல்ல" என்று மற்றவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்புகிறேன். கூர்நுனிக்குத் தடை தோல்தான். தோலைத் தாண்டிவிட்டால் மீதிக்குப் பெரிய பலம் தேவையில்லை. வயிறு அமுங்கிக் கொடுக்கும் என்பதால் மூன்று அங்குல அலகு மூன்று அங்குலத்துக்கு மேலும் போகும். கையை ஓங்கியவர்கள் நாலு அறையோடு முடித்துக்கொண்டு, அடுத்த நாள் ஒரே கடையில் பிளேன்ரீ குடிக்கிற சண்டைகள் எத்தனை. அவற்றில் ஒன்றுதான் அதுவும். நடுவில் ஒரு கத்தி வந்துவிட்டது.

சட்டம் என் துறை அல்ல. ஆனால் சாட்சிக் கூண்டில் பல தடவை நின்றிருப்பதால் கொஞ்சம் தெரியும். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை நமக்குத் தற்காப்புரிமையைத் தருகிறது, 89 ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. ஆனால் 92 ஆம் பிரிவு, காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. பொலிசாரின் உதவியை நாட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டும் பொறுப்பும், சாட்சியச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, சொல்கிறவர் தலையில். வெறும் கையால் ஏற்படுத்திய சிறு காயத்துக்கு 314 ஆம் பிரிவு. அதே காயம் வெட்டும் கருவியால் என்றால் 315. எலும்பில் சின்ன வெட்டு விழுந்தாலும், நெஞ்சையோ வயிற்றையோ திறந்து சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தாலும் அது கடுங்காயம் ஆகி 317 க்குப் போய்விடும். நாங்கள் பொலிஸ் படிவத்தில் போடும் ஒரு அடையாளம் ஒருவருடைய பத்து வருடத்தைத் தீர்மானிக்கிறது. அந்தப் பேனையைப் பிடிக்கும்போது எனக்கும் கை கனக்கும்.

வீதிச் சோதனையில் கத்தி அகப்பட்டு, எதற்கென்று கேட்டால் 'தற்காப்புக்கு' என்று பதில் சொல்கிறார்கள். நல்ல பதில் என்று நினைத்துத்தான். மனிதர்மேல் பாவிக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று அவர்களே சொல்லிக்கொடுப்பதுதான் அது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்ததும், அந்த நாட்களில் நம் மாவட்டங்களில் வீடு வீடாக நடந்த தேடுதல்களும் மறந்துபோகக் கூடியவை அல்ல.

கத்தியே கூடாது என்று சொல்ல நான் யார். தோணியில் போகிறவருக்கு வலை அறுக்கக் கத்தி வேண்டும். வயல் வட்டைக்குப் போகிறவருக்குக் கயிறு வெட்ட வேண்டும். அவர்கள் கத்தியால் எங்களிடம் வருவது குறைவு. கவனித்திருக்கிறேன். அவர்களுடைய கத்தி உறையில், வேலைப் பைக்குள், தோணியின் மூலையில் கிடக்கும். வேலை முடிந்தால் வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகப்படும். சந்தைக்கும் திருவிழாவுக்கும் கூட வராது.

மச்சாளிடம் கத்திக்குப் பதிலாகச் சில விடயங்களைச் சொன்னேன். இருட்டுத் தெருவில் கையில் பிரகாசமான டோர்ச். இறங்கும் தரிப்பிடத்துக்கு வீட்டு ஆள் ஒருவர். பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, இரண்டும் மகளின் தொலைபேசியில் முதல் வரியில். பறிக்க வந்தவனிடம் பையை எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடச் சொல்லுங்கள் என்றேன். "சங்கிலியும் போகட்டுமா?" என்றாள். போகட்டும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

வெட்டோ குத்தோ நடந்துவிட்டால், சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நிமிடத்துக்கொரு தடவை திறந்து பார்க்க வேண்டாம். கோப்பித்தூள், மஞ்சள், புகையிலை எதுவும் வேண்டாம். அதைக் கழுவி எடுப்பதிலேயே எங்களுக்கு அரை மணித்தியாலம் போகிறது. குத்திய கத்தி உடலில் நின்றால் இழுக்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கக் கூடும். 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சோடாவோ தேத்தண்ணியோ பருக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்கும்போது அது சிக்கல். ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்று நினைவிருந்தால் சொல்லுங்கள். விரலில் வெட்டு என்றால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக மடக்கிப் பாருங்கள். நுனிக்கணு மடங்காவிட்டால் அன்றைக்கே வாருங்கள். ஒரு மாதம் கழித்து வந்தால் சுருங்கிய நாணை இழுத்துப் பொருத்துவது பெரும்பாடு.

அந்தப் பொடியன் அன்றைக்கே வந்ததால் தப்பினான். விரல்கள் அசையாமல் இருக்கக் கிட்டத்தட்ட ஆறு கிழமை சிலாகை கட்டியிருந்தான். பாரம் தூக்க மூன்று மாதம் பொறுக்கச் சொன்னோம். வேலை போய்விட்டது. பிசியோதெரபிக்கு மட்டும் தவறாமல் வந்தான், அம்மாதான் கூட்டிக்கொண்டு வருவார். கடைசிக் கிளினிக்கில் கையை மடக்கச் சொன்னேன். நடுவிரல் உள்ளங்கையைத் தொட்டது. சுட்டுவிரல் ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. இனி அது அவ்வளவுதான் வரும் என்று அவனுக்கும் தெரியும்.

கத்தி என்ன ஆச்சு என்று சும்மா கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான்.

"குசினிக்குள்ளதான் கிடக்கு டொக்டர்," என்றார் அம்மா. "பலாக்கொட்டை சீவலாமெண்டு எடுத்துப் பார்த்த நான். அதுக்கும் உதவாது."