ஆற்றின் மேல் கட்டிய மண்டபம்

பழைய கட்டடத்தைப் பார்வையிட அழைப்பவர்கள் முதலில் சுவர் விரிசலைத்தான் காட்டுவார்கள். நான் தண்ணீரைப் பற்றிக் கேட்பேன். கூரை நீர் எங்கே வழிகிறது? அடித்தளத்துக்குக் கீழே என்ன ஓடுகிறது? இந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்பதற்கு அயர்லாந்தின் ஆக்னனூர் கோட்டையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கால்வே பகுதியில், கொரிப் ஏரிக்கு அருகே, 1500-ஐ ஒட்டி ஓ'ஃபிளாஹெர்ட்டி குலத்தார் எழுப்பிய ஆறடுக்குக் கோபுர வீடு அது. கோட்டை என்றாலும் குடும்பம் வாழ்ந்த இடம். அடிச்சுவர் வெளிப்புறமாகச் சரிந்து தடித்திருக்கும். வாசலுக்குள் நுழைபவரின் தலைக்கு மேலே, தாக்குவதற்கென்றே ஒரு துளை. சுற்றிலும் இரட்டை மதில். அத்தனை காவல் இருந்தும் 1572-இல் எட்வர்ட் ஃபிட்டனின் ஆங்கிலப் படை அதைக் கைப்பற்றியது.

ஆனால் அங்கிருந்த விருந்து மண்டபத்தை வீழ்த்தியது படை அல்ல. அந்த நிலம் சுண்ணாம்புக்கல் பாறை. டிரிம்னீன் ஆறு அதைக் கரைத்துக் கரைத்து அடியில் குகையாக்கிவிட்டது. குகையின் மேற்கூரை சரிந்தபோது மண்டபத்தின் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. எஞ்சிய கிழக்குச் சுவரின் சன்னல்களில் திராட்சைக் கொடிச் செதுக்கல் இன்றும் இருக்கிறது; எவ்வளவு அழகான வேலை! அதைச் செதுக்கியவரின் திறமையில் எந்தக் குறையும் இல்லை.

எல்லா வீட்டுக்கும் அடியில் ஆறு ஓடாது. ஆனால் சிமென்ட் பூசிய பழைய கல்சுவருக்குள் நீர் தேங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இத்தகைய சுவர்களின் நடுப்பகுதி பெரும்பாலும் உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும்தான். உள்ளே புகும் ஈரம் கல் இணைப்புகளிலுள்ள சுண்ணாம்பு வழியே வெளியேறும். அங்கே சிமென்டை அடைத்தால் ஈரம் கல்லுக்குள் திரும்புகிறது. உறைபனியில் கல்லின் முகமே பெயர்ந்து விழுகிறது. பூச்சு புதிதாக இருப்பதால் உரிமையாளருக்கு நெடுநாள் எதுவும் தெரிவதில்லை. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

எனவே பழைய கல்வீடு வைத்திருப்பவர்கள் முதலில் கூரையையும் நீர்வடிகாலையும் சரிசெய்யுங்கள். இணைப்புக் கலவை கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு வேலையைத் தொடங்க எவர் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். ஈரக் கலவை உறைந்தால் இறுகாமல் உதிர்ந்துவிடும்.