"எர்த் அடிச்சாச்சு அண்ணா!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, அஞ்சு பேண்ட் வெர்டிகல் ஏத்திட்டேன். எஸ்டபிள்யூஆர் எல்லாத்துலயும் ஒன்றரைக்குள்ள நிக்குது. ஆனா அம்மா துணி காயப்போடப் போனவங்க கைய உதறிக்கிட்டு இறங்கி வந்துட்டாங்க. ரேடியோ ஆஃப்லதான் இருந்துச்சு, சத்தியமா." (வெர்டிகல் என்றால் நேராக நிற்கும் குழாய் ஆன்டெனா; பேண்ட் என்பது ரேடியோ அலைவரிசைப் பகுதி; எஸ்டபிள்யூஆர் என்பது அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, ஒன்று என்றால் ஒன்றுமே திரும்பவில்லை.)

"எர்த் எங்கடா குடுத்த?"

"அதெல்லாம் பக்காவா குடுத்துட்டேன் அண்ணா. போர் மோட்டாருக்குப் போட்ட குழி இருக்குல்ல, அதுலயே இழுத்து முடிஞ்சிட்டேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "அம்மாவை மாடிப்பக்கம் விடாதே, மெயினை இறக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மின் ஒப்பந்த வேலையில் முப்பது வருஷம் ஆகிறது. அதில் பாதிப் பிழைப்பு எர்த்திங்தான்: கிரானைட் பட்டறை, செல்போன் டவர், மாம்பழக்கூழ் ஆலை என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் குழி தோண்டியிருக்கிறேன். ஹாம் ரேடியோவும், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதும், இருபது வருஷமாக உண்டு. "எர்த் அடிச்சாச்சு அண்ணா" என்ற வாக்கியத்தைக் கேட்டாலே இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு வருஷத்தில் இது நாலாவது வீடு.

போய்ப் பார்த்தால் கதை எளிது. ஒன்றரை ஹெச்பி மோட்டார், வைண்டிங் ஈரம் வாங்கி பாடிக்குக் கசிகிறது. குழி வெயிலில் காய்ந்து கிடக்கிறது. எர்த்தின் தடையை அளக்கும் மெக்கர் வைத்தேன், 40 ஓம். முழு ஃபேஸே கசிந்தாலும் 230ஐ 40ஆல் வகுத்துப் பாருங்கள், ஆறு ஆம்பியர்கூட வராது. அந்த மோட்டார் சும்மா ஓடும்போதே அதைவிட அதிகம் இழுக்கும். எந்த ஃபியூஸ் கட்டை போகும்? ஒன்றும் போகாது. கசிவு பாட்டுக்குக் கசிய, குழியில் ஏறிய வோல்ட் அப்படியே கம்பி வழியாக மாடிக்கு ஏறி ஆன்டெனா மாஸ்ட்டில், அதாவது கம்பத்தில், வந்து நிற்கிறது. மாஸ்ட்டுக்கும் ஈரத் தரைக்கும் நடுவே மீட்டர் 70 வோல்ட் காட்டியது. கொடிக்கயிறாக ஜிஐ கம்பி. அதன் ஒரு முனை அதே மாஸ்ட்டில். ஈரத்துணி, வெறுங்கால். அந்த அம்மா பிழைத்தது குலசாமி புண்ணியம். வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையை வெட்டும் சுவிட்ச், கிடையாது. இன்வெர்ட்டருக்கும் ஏசிக்கும் பணம் வருகிறது, அந்த ஒரு டப்பாவுக்கு மட்டும் வராது.

இனி எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நம்மிடம் "எர்த்" என்று ஒரே சொல்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் மூன்று வேறு வேலைகளைக் கட்டிப்போட்டிருக்கிறோம். ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் ஒன்று. இடி விழுந்தால் ஓட வழி கொடுக்கும் எர்த் ஒன்று. ரேடியோ அலைக்கு ஆன்டெனாவின் மறுபாதியாக நிற்கும் எர்த் ஒன்று. குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, உப்பும் கரியும் கொட்டி, தண்ணீர் ஊற்றினால் முதலாவதற்கு உதவும். இரண்டாவதற்கு ஓரளவு. மூன்றாவதற்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கடைசி விஷயம் மட்டும் மண்டையில் ஏறுவதில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வெர்டிகல் என்பது பாதி ஆன்டெனா. நிற்கிற குழாய் ஒரு பாதி. மறுபாதி, அடியிலிருந்து நாலாபக்கமும் விரியும் கம்பிகள், ரேடியல்கள். குழாயில் எவ்வளவு கரன்ட் மேலே போகிறதோ அவ்வளவும் அடியில் திரும்பி வந்தாக வேண்டும். கம்பி இருந்தால் கம்பி வழியாக வரும். இல்லையென்றால் மண் வழியாக, ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் உலோக மேலுறை வழியாக, வீட்டு வயரிங் வழியாக, கிடைத்த சந்தெல்லாம் புகுந்து வரும். அந்தக் கரன்ட் மண்ணின் மேல்பரப்பில் படர்ந்து ஓடுவது. எட்டடி ஆழத்தில் ஒற்றை ராடு இறக்கினால் அது ஏன் அங்கே தேடிப் போகப்போகிறது? மீடியம் வேவ் ஒலிபரப்பு நிலையங்களில் ஒவ்வொரு டவருக்கும் அடியில் நூற்றுக்கு மேல் செம்புக் கம்பிகளை வட்டமாகப் புதைக்கும் வழக்கம் உண்டு. 1937ல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் அளந்து காட்டியதிலிருந்து 120 என்பது அவர்களுக்குக் கணக்கு. ராடு போதுமென்றால் அத்தனை செம்பை மண்ணில் புதைக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

அதிலும் நம் ஊர் மண்ணை நினைத்துப் பாருங்கள். நாலடி தோண்டினால் கடப்பாரை 'ணங்'கென்று பாறையில் பேசும். மேலே கொஞ்சம் செம்மண், கீழே கருங்கல். தஞ்சாவூர் வயலில் நாலு கம்பியோடு ஒப்பேற்றுகிறவரைப் பார்த்து காரிமங்கலத்துக்காரர் அதையே செய்தால் ஆகுமா?

"ஆனா எஸ்டபிள்யூஆர் அருமையா இருக்கே?" இது அடுத்த பாட்டு. அலைநீளத்தில் கால்வாசி உயரமுள்ள கால் அலை வெர்டிகலுக்கு, அடியில் கம்பி வலை நிறைவாக இருந்தால், சுமார் 36 ஓம் வரும். 50 ஓம் கோஆக்ஸில் அது 1.4 காட்டும். உங்கள் மீட்டர் சரியாக 1.0 காட்டினால் அந்த மீதி 14 ஓம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் மண்ணின் நஷ்டம். நூறு வாட்டில் கால்வாசிக்கு மேல் பாறையைச் சூடாக்கப் போகிறது. டிராப் (ஒரே குழாயைப் பல பேண்டுக்கு வேலை செய்ய வைக்கும் சுருள்) வைத்த உயரம் குறைந்த ஆன்டெனா 7 மெகாஹெர்ட்ஸில் இன்னும் மோசம். அதன் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியே போகும் பங்கைக் காட்டும் ஓம், 20 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும், மண்ணின் நஷ்டம் பாதிக்கு மேல் தின்னும். ரேடியல் கூட்டக் கூட்ட எஸ்டபிள்யூஆர் கொஞ்சம் ஏறினால் பயந்து கம்பியைப் பிடுங்கியவர்களும் உண்டு! ஐயா, ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டிச் சோதிக்கும் டம்மி லோடும் 1.0தான் காட்டும். அதை வைத்து ஒகேனக்கல் வரைக்கும்கூடப் பேச முடியாது.

சரி, மொட்டைமாடியில் எப்படிப் போடுவது? நிற்கும் கம்பிக்கும் ரேடியலுக்கும் ஒரே கணக்கு: 71ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள், மீட்டரில் நீளம் வரும். 7.1க்குப் பத்து மீட்டர், 14.2க்கு ஐந்து, 21.2க்கு மூன்று மீட்டர் முப்பத்தைந்து சென்டிமீட்டர், 28.5க்கு இரண்டரை. மாடியில், அதாவது தரையை விட்டு உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு பேண்டுக்கும் அளந்து வெட்டிய கம்பி குறைந்தது இரண்டு வேண்டும், நாலு இருந்தால் நல்லது. பத்து மீட்டர் இடம் இல்லையா, கைப்பிடிச் சுவரோரமாக வளைத்து விடுங்கள், பாதகமில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒன்றரை ஸ்கொயர் வயரே போதும். தரையில் நட்டால் அளவு அவ்வளவு முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். நாலு பத்து மீட்டர் கம்பியைவிட எட்டு ஐந்து மீட்டர் கம்பி மேல். கோஆக்ஸ் மேலுறையில் கரன்ட் ஏறாமல் இருக்க ஆன்டெனா அடியிலேயே ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைச் சில சுற்றுச் சுற்றி ஒரு சோக் வையுங்கள்.

மாடி ரேடியலின் நுனியில் அனுப்பும் நேரத்தில் வோல்டேஜ் எகிறும். விரல் பட்டால் சுட்டுவிடும், உள்ளே சதை வரைக்கும். ஆகவே தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். கொடிக்கயிறு வேறு, ரேடியல் வேறு என்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்லியாவது வையுங்கள். அவர்கள் கண்ணுக்கு மாடியில் இழுத்துக் கட்டிய எந்தக் கம்பியும் துணி காயப்போடத்தான். அதில் தப்பும் இல்லை.

"மைக்ல உதடு பட்டா சுருக்குனு சுடுது, எர்த் இன்னும் பலமா போடணுமா?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். முதல் மாடி அறையிலிருந்து கீழே குழி வரைக்கும் நீங்கள் இழுத்த ஐந்து மீட்டர் எர்த் கம்பி, 14 மெகாஹெர்ட்ஸில் கால் அலை. கீழ்முனை மண்ணில் இருந்தால் மேல்முனை, அதாவது உங்கள் ரேடியோ இருக்கும் முனை, எதிலும் தொடாததுபோல் நிற்கும். கம்பியை எவ்வளவு தடிமனாக்கினாலும் அதே கதைதான். மருந்து ரேடியலிலும் சோக்கிலும் இருக்கிறது. இதைக் கேட்காமல், இரைச்சல் குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி பவர் சப்ளையின் த்ரீ பின்னில் எர்த் பின்னைப் பிடுங்கியிருந்தார் கிருஷ்ணகிரியில் ஒருவர். படித்தவர். நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன், பிறகு அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இடிக்கு வருவோம். சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் நமக்கு இடியோடுதான் வரும். நேராக விழும் இடிக்கு வீட்டுச் செலவில் முழுப் பாதுகாப்பு கிடையாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள். பக்கத்தில் விழுவதைத்தான் சமாளிக்கப் பார்க்கிறோம். 20,000 ஆம்பியர் ஒரு 5 ஓம் குழியில் இறங்கினால் அந்தக் குழியே ஒரு லட்சம் வோல்ட்டுக்கு ஏறிவிடும். நம் பாறையில் 5 ஓம் என்பதே கனவு. ஆன்டெனாவுக்குத் தனிக்குழி, வீட்டுக்குத் தனிக்குழி என்று வைத்திருந்தால் ஒன்று ஏறி மற்றது ஏறாமல் இருக்கும், நடுவில் பாலமாக இருப்பது உங்கள் ரேடியோ. சிதறிவிடும். அதனால் எல்லாக் குழிகளையும் ஜிஐ பட்டையால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அரெஸ்டர் (இடியால் எகிறும் வோல்டேஜை மண்ணுக்குத் திருப்பும் கருவி) வைத்து அதையும் அதே பட்டையில் கட்ட வேண்டும்.

"அப்ப நான் மோட்டார் குழியில் கட்டினது சரிதானே?" என்று தம்பி உடனே பிடித்துக்கொண்டான். இணைத்தது சரி. கசிவைப் பிடிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இணைத்ததுதான் தப்பு. மோட்டார் லைனுக்கும் தனியாகக் கசிவு ரிலே வேண்டும். இவை இருந்தால் வைண்டிங் கசிந்த அன்றே மோட்டார் நின்றிருக்கும், அம்மா தண்ணி வரவில்லை என்று திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். கேஸ் பைப்பில் எர்த் கட்டுகிறவர்களைப் பற்றி எழுதவே மனமில்லை. கட்டாதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு கோஆக்ஸைத் தொடக்கூட வேண்டாம். மேகம் கறுக்கும்போதே கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். பவர் பிளக்கையும் கம்ப்யூட்டர் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள். ஊருக்குப் போகும்போது கழற்றிவிட்டே போங்கள்.

ஈபி லைன். இதற்கு மட்டும் விளக்கம் கிடையாது, உத்தரவுதான். ஆன்டெனாவும் மாஸ்ட்டும் சேர்த்து எவ்வளவு நீளமோ, அதோடு மூன்று மீட்டர் கூட்டி, அந்தத் தூரத்துக்குள் எந்தத் திசையிலும் கம்பி இருந்தால் அங்கே நடாதீர்கள். லெவன் கேவி லைனுக்கு மேலுறை கிடையாது. தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே தாவும். ஏற்றும்போது மூன்று பேர், பகலில், காற்றில்லாத நேரம். ஆடிக்காற்றில் அலுமினியக் குழாயைத் தனியாகத் தூக்கி நிறுத்தும் வீரம் யாருக்கும் வேண்டாம்.

இன்னொன்று, வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாம் தம்பி. காலையில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) சென்னை, சேலம் நண்பர்களோடு பேசத்தானே ஆசை? அதற்கு வெர்டிகல் வேண்டியதே இல்லை. அது அலையைத் தாழ்வாக, தொடுவானம் நோக்கி அனுப்பும். ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் நல்லது. தலைக்கு மேலே அனுப்பி அயனமண்டலம் என்னும் மேல்வளி அடுக்கில் பட்டுத் திரும்பி முந்நூறு கிலோமீட்டரில் இறங்க, இரண்டு தென்னைக்கு நடுவே ஆறு மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இரண்டு கைக் கம்பி, போதும். செலவு சில நூறு ரூபாய். அதுவும் லைசென்ஸ் வந்த பிறகு. விண்ணப்பம் போட்டுவிட்டு அழைப்புக் குறி வருவதற்குள் மைக்கை அமுக்குகிறவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், அவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதும் தெரியும்.

அடுத்த ஞாயிறு மறுபடி பாலக்கோடு போகிறேன். ஆர்சிசிபியும் அறுபது மீட்டர் வயரும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன், மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போயிருக்கிறது, ரேடியோவின் மைக்கை நானே கழற்றி எடுத்து வந்துவிட்டேன். கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். "அந்தக் கம்பத்துக்கு என்னமோ பண்ணுங்க தம்பி. எனக்குக் கொடி கட்ட மட்டும் ஒரு இடம் பாத்துச் சொல்லிட்டுப் போங்க." கிணற்று மேட்டுப் பக்கம் ரெண்டு வேப்பமரம் இருந்தது. நைலான் கயிறு வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.