பொறுப்பு அவருடையது, அதிகாரம் யாருடையது?

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டியை அமெரிக்க மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வரவில்லை, வாக்கர் வரவில்லை, பாட்டியால் படி ஏற முடியுமா என்று பிசியோதெரபிஸ்ட் இன்னும் பார்க்கவில்லை, மகள் போனை எடுக்கவில்லை. இத்தனையையும் ஒன்று சேர்ப்பவர் கேஸ் மேனேஜர் எனப்படும் நர்ஸ். இவர்களில் யாருக்கும் அவர் உத்தரவு போட முடியாது. தாமதமானால் மட்டும் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள்.

இந்த நிலைமைக்கு ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே ஒரு விளக்கம் தந்தார். வேலைப்பளு அதிகமாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் கூடுகிறது என்றார்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நெருக்கடி என்றதும் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும். அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். கார்ட்டிசால் போதிய அளவு சேர்ந்ததும் அதுவே மூளைக்கு 'போதும்' என்று சொல்லிவிடும். வந்த வேலை முடிந்தால் எல்லாம் தணியும். சரி, முடியாவிட்டால்? வீட்டுக்குப் போன பிறகும் அந்த வாக்கர் வந்திருக்குமா என்று மனம் அசைபோட்டுக்கொண்டே இருக்கும். அசைபோடும் வரை உடம்பு தணியாது, தூக்கமும் கெடும்.

இதற்கு நடுவே போன் அடித்துக்கொண்டே இருக்கும். சிட்னியில் 2 மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் நர்ஸ்களைக் கவனித்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் சிகிச்சைத் தவறுகள் சுமார் 13 சதவீதம் கூடின.

மாதக்கணக்கில் இப்படியே போனால், 'பர்ன்அவுட்' எனப்படும் பணிச்சோர்வுக்கு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் அளவுகோல் வகுத்த மூன்றும் வந்து சேரும்: மனம் வற்றிப்போதல், நோயாளியிடமிருந்து விலகிப்போதல், 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம். பாட்டியின் பெயர் மறந்து '12-ஆம் பெட்' ஆகிவிடுவது இரண்டாவதன் அடையாளம். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்வது பெரிய அநியாயம். மேலும் அடிபடாமல் இருக்க மனம் போட்டுக்கொள்ளும் கவசம் அது.

பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் குழு நடத்திய ஆய்வு 2002-ல் வந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் இப்படித் துவண்டுபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. அறுவை சிகிச்சை நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடியது. இந்த இரண்டாவது எண்ணைப் படித்த பிறகு, நர்ஸ்களுக்கு யோகா வகுப்பு வைத்தால் போதும் என்று எப்படிச் சொல்வது? யோகா நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனமே 2019-ல் இந்தப் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வகைப்படுத்தியது.

கலிபோர்னியா 2004-ல் சட்டப்படியே உச்சவரம்பு கொண்டுவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிகள். பொது வார்டில் முதலில் 6, அடுத்த ஆண்டு முதல் 5. ஆனால் அந்தக் கணக்கில் வருவது நோயாளியை நேரடியாகப் பராமரிக்கும் நர்ஸ்கள் மட்டும்தான். போனைக் காதில் வைத்தபடி அந்தப் பாட்டிக்காக அலையும் நர்ஸ் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அலையலாம் என்பதற்கு அதில் வரம்பு இல்லை.