குழந்தையின் உடல் கண்டுகொள்ளாத சர்க்கரை

தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட் தடுப்பூசி வந்தது. ஆறு வாரக் குழந்தையின் தொடையில் போடப்படும் அந்த ஒரே ஊசி ஐந்து நோய்களைத் தடுக்கிறது. அவற்றில் 'ஹிப்' கிருமிக்கான பகுதியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஹிப் ஒரு பாக்டீரியா. முழுப்பெயரில் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா வகை பி) இன்ஃபுளுயன்சா என்று இருந்தாலும் ஃப்ளூ காய்ச்சலுக்கு அது காரணமல்ல. சாதாரணமாகத் தொண்டையில் ஒளிந்திருக்கும். இரத்தத்தில் கலந்துவிட்டால் மூளையுறை அழற்சி, நிமோனியா என்று உயிருக்கே உலை வைக்கும். பிழைத்த குழந்தைகளில் சிலர் செவித்திறனை இழக்கிறார்கள்.

அதன் பலம் மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரை உறை. இனிக்கும் சர்க்கரையல்ல, நீண்ட சங்கிலியாகக் கோத்த சர்க்கரை மூலக்கூறுகள். அந்தச் சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த தடுப்பூசி 1985இல் அமெரிக்காவில் வந்தது. இரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு ஓரளவு பயன்பட்டது. கைக்குழந்தைகளின் உடலோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹிப் அதிகம் தாக்குவதோ அவர்களைத்தான்!

காரணம் இதுதான். எதிர்ப்புப் பொருளைச் சுரப்பவை பி செல்கள் என்னும் இரத்த வெள்ளையணுக்கள். அவை முழுவீச்சில் இயங்கவும், கிருமியை நினைவில் வைக்கவும் டி செல்கள் என்னும் இன்னொரு வகை வெள்ளையணுக்கள் தூண்ட வேண்டும். டி செல்களுக்கோ புரதத்துண்டுதான் அடையாளம். வெறும் சர்க்கரை அவற்றின் கண்ணில் படாது. பெரியவர்களின் பி செல்கள் இந்தத் துணையில்லாமலும் ஓரளவு சமாளிக்கும். குழந்தையின் செல்களுக்கு அந்த முதிர்ச்சி இன்னும் வரவில்லை.

அதனால் விஞ்ஞானிகள் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்தார்கள். நஞ்சு நீக்கப்பட்ட டெட்டனஸ் புரதம் அதற்கு உதவும் ஒன்று. சர்க்கரையை அடையாளம் கண்டு பிடிக்கும் பி செல், ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்தே விழுங்குகிறது. அந்தப் புரதத்தை நறுக்கி, துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. அதைக் கண்ட டி செல் ஓடிவந்து தூண்டுகிறது. உதவி புரதத்தின் பேரில் வருகிறது. எதிர்ப்பு உருவாவதோ சர்க்கரைக்கு எதிராக. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

இந்தப் பிணைப்பு உத்தி 1929இலேயே ஆய்வகத்தில் செய்து காட்டப்பட்டது. ஆனாலும் கைக்குழந்தைகளுக்கான ஹிப் தடுப்பூசி அமெரிக்காவில் 1990இல்தான் அனுமதி பெற்றது. அதற்கு முன்பு அங்கே ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 20,000 பிள்ளைகளுக்குக் கடுமையான ஹிப் நோய் வந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அது 99 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி போட்ட பிள்ளைகளின் தொண்டையில் கிருமி தங்குவதே குறைந்ததால், ஊசி போடாத குழந்தைகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில மாதங்களில் கரைந்துவிடும். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் மூன்று தவணை போடுவது, அந்த இடைவெளியில் குழந்தையின் சொந்தப் படை எழுந்து நிற்பதற்காக.