லோ பண்ணுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

ஸ்விஃப்ட், போலோ ஜிடி, ஐ20 என் லைன் மாதிரிச் சின்ன வேக வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்வியோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள். எவ்வளவு லோ பண்ணலாம், அதாவது வண்டியின் உயரத்தை எவ்வளவு இறக்கலாம்? ரீமேப் போட்டால், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றினால், எத்தனை பிஎச்பி (குதிரைத்திறன்) ஏறும்? வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் தாங்கி) வெடித்திருக்கும், லிங்க் ராடு ஆடும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கும். இருக்கிற பவரையே தரையில் இறக்க முடியாத வண்டிக்கு இன்னும் பவர் எதற்கு?

டெல்டா சாலையின் குணம் தனி. திருச்சி–தஞ்சாவூர் நான்குவழியை விட்டு இறங்கிக் குடமுருட்டி, வெட்டாறு, அரசலாற்றுக் கரைச் சாலைகளில் போய்ப் பாருங்கள். வளைவுக்குப் பின் வளைவு, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல் பள்ளம். அடியில் களிமண். மழையில் உப்பி, கோடையில் சுருங்குவதால் தார் அலை அலையாக எழும்பி நிற்கும். இங்கே வண்டி வேகமாகப் போவதும் பத்திரமாகப் போவதும் ஒரே விஷயம்தான்: சக்கரம் தரையை விடக்கூடாது.

அதனால் முதல் செலவு புஷ்ஷுக்கு. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் ஆடினால் டை ராடு எண்ட். லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில் கடப்பாறை நுனியைக் கொடுத்து மெல்ல நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஆர்ம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுவார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டை லேசாகப் பிடித்து, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. புது ஷாக் போட்டால் ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கை மேலே பாடியோடு பிடிப்பது), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய மவுண்ட்டோடு புது ஷாக் போட்டால் ‘டொக் டொக்’ போகாது.

இனி லோ விஷயம். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். 40 இறக்கினால் என்ன மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கோடு இல்லாத ஊர் வேகத்தடையில் ஆயில் சம்ப் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி) தட்டும். அதைவிடப் பெரிய கோளாறு, லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடுவது. அப்போது ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போகும். வண்டி தாழ்ந்தும் வளைவில் சாய்வது எதிர்பார்த்த அளவு குறையாது. ஷாக் பாதி வழியிலேயே பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். அலையில் சக்கரம் துள்ளும். கம்பெனி ஸ்பிரிங்கோடு நல்ல கேஸ் ஷாக் போடுவதுதான் எங்கள் சிபாரிசு. ஆசை விடவில்லை என்றால் 15–20 மில்லிமீட்டர், அதுவும் அதற்கென்றே செய்த ஷாக்கோடு. ஸ்பிரிங்கை வெட்டவே வெட்டாதீர்கள். சக்கரம் தொங்கும்போது வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் தட்டை விட்டு விலகும்.

டயரில்தான் கொடுத்த காசு உடனே தெரியும். ஸ்விஃப்டின் 185/65 ஆர்15 டயருக்கு விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். 195/60 ஆர்15 போட்டால் 615. வித்தியாசம் ஒரு சதவீதம்தான், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. லோட் இன்டெக்ஸும் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) பெரும்பாலும் அதே 88. 205/45 ஆர்17 விட்டத்தில் பொருந்தும், ஆனால் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 92-க்கு வந்துவிடும். ஒரு பள்ளம் போதும், ரிம் வளையும், பக்கச்சுவரில் கொப்புளம் கிளம்பும். வெளி அலாய் வாங்கும்போது நடு ஓட்டையையும் அளக்கச் சொல்லுங்கள். ஸ்விஃப்டின் ஹப் (சக்கரம் உட்காரும் நடு மேடு) 54.1 மில்லிமீட்டர், அலாயின் ஓட்டை பெரும்பாலும் 67 அல்லது 73. இடையில் ஹப் ரிங் போடாவிட்டால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80–90-ல் ஸ்டியரிங் நடுங்கும். நட்டை ஏர் கன்னோடு விடாமல் டார்க் ரென்ச்சில் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முடியுங்கள்: ஸ்விஃப்டுக்கு வண்டிக் கையேட்டில் உள்ள அளவு, போலோவின் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

அலைன்மென்ட் சரியா என்று அறிய மெஷின் தாளைவிட விரல் நல்லது. டயரின் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பமாகவும் இருந்தால் டோ (சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணம்) தப்பு.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி; ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். சூட்டில் குமிழ் கட்டினால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். இரண்டு வருடத்துக்கு மேல் விடவேண்டாம். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றால் கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின் இறுகிவிடுகிறது. சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். புது பிரேக் பேடைப் பழக்க, ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 15-க்குப் பத்துத் தடவை குறைத்து, நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். ஓட்டை போட்ட டிஸ்க் அழகுக்குத்தான்.

குறுவை, சம்பா அறுவடை நாட்களில் சாலையிலேயே வைக்கோல் காயும். தாழ்ந்த வண்டி அதை வாரிக்கொள்ளும். வைக்கோல் டிரைவ் ஷாஃப்டில் சுற்றி, சிவி பூட் என்ற அதன் ரப்பர் உறையைக் கிழிக்கும். சூடான கேட்டலிட்டிக் கன்வெர்டரில் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) ஒட்டினால் தீப்பிடிக்கும். லோ பண்ணும்போது இடிக்கிறதென்று அடித்தட்டையும் ஹீட் ஷீல்டையும் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். வைக்கோல் மேல் ஏற்ற நேர்ந்தால் சுத்தமான இடத்தில் நிறுத்தி, அடியில் பார்த்து எடுத்துவிடுங்கள். திறந்த கோன் ஏர் ஃபில்டர் இங்கே உமித்தூசியையும் எஞ்சின் சூட்டையும்தான் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்ந்த இன்டேக் (காற்று இழுக்கும்) குழாய் தண்ணீரை இழுத்தால் எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடு வளையும். கம்பெனி ஃபில்டர் பெட்டியே இருக்கட்டும்.

ரீமேப் கடைசி. டர்போ இல்லாத ஸ்விஃப்டில் கிடைப்பது சொற்பம், காசு வீண். போலோ ஜிடியின் 1.2 டிஎஸ்ஐ டர்போ எஞ்சினில் டார்க் (முறுக்குவிசை) நன்றாகவே ஏறும். ஆனால் அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி (தானியங்கி கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டருக்கானது. வண்டியின் சொந்த டார்க் 175. கும்பகோணம் கடைத்தெருவில் ஊர்ந்தாலே சூடாகிற கிளட்ச் அது. ஏற்றுவதானால் 95 ஆக்டேன் பெட்ரோலும் அளவான மேப்பும் வேண்டும்.

சட்டத்தையும் கணக்கில் வையுங்கள். ஆர்சியில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். புஷ், ஷாக், பேட், பிரேக் ஆயில் எல்லாம் தேய்ந்ததற்கு மாற்று, சிக்கலில்லை. டயர், அலாய் அளவு மாற்றினால் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லிப் பதிலை வாங்கி வையுங்கள். பில்லில் அளவும் லோட் இன்டெக்ஸும் இருக்கட்டும்.